சான்றிதழ் கையில் இருக்கிறது, முதல் பயணம் எங்கே?

ஓப்பன் வாட்டர் ஸ்கூபா பயிற்சியை முடித்த கையோடு பலரும் கேட்பது, "அந்தமானா, மாலத்தீவா?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். எந்த மாதம், எத்தனை நாள், எந்த ஆழம் என்ற மூன்றையும் முதலில் முடிவுசெய்தால் ஊர் தானாக அமைந்துவிடும். ஊரை முடிவுசெய்து, சலுகை விலையில் டிக்கெட்டும் எடுத்துவிட்டு, அங்கே அப்போது மழைக்காலம் என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

முதல் பயணத்துக்கு ஒரே ஒரு நோக்கம் போதும். தண்ணீருக்குள் பதற்றமில்லாமல் இருக்கப் பழக வேண்டும். பெரிய சுறாவும் மூழ்கிய கப்பலும் ஆழ்கடல் பாறைச்சுவரும் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் காத்திருக்கும். செங்கல்பட்டிலிருந்தோ கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஊர்களிலிருந்தோ புறப்படுபவரை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தின் கணக்குகளைப் போட்டிருக்கிறோம்.

உங்கள் அட்டை எதற்கு அனுமதி தருகிறது?

'பாடி', 'எஸ்.எஸ்.ஐ.' போன்ற அமைப்புகளின் ஓப்பன் வாட்டர் சான்றிதழ், பெரியவர்களுக்கு 18 மீட்டர் ஆழம் வரை இன்னொரு டைவரோடு ஜோடியாக இறங்க அனுமதி தருகிறது. 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு எல்லை 12 மீட்டர்தான். 18 மீட்டர் என்பது உச்ச வரம்பு. ஒவ்வொரு டைவிலும் அதைத் தொட்டாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் பயணத்தில் 10 முதல் 14 மீட்டருக்குள் நின்றுகொள்வதில் உங்களுக்குத்தான் ஆதாயம். ஒரு சின்னக் கணக்கு போட்டால் அது விளங்கும்.

வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் பெரும்பாலும் 11 லிட்டர் கொள்ளளவு உடையது. 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் அதில் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று இருக்கும். கையிருப்பாக 50 பாரை, அதாவது 550 லிட்டரை ஒதுக்கிவிட்டால் செலவழிக்க 1,650 லிட்டர் மிஞ்சும். புதியவர் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் 2.8 மடங்கு. ஆகவே அங்கே நிமிடத்துக்கு 56 லிட்டர் செலவாகி, அரை மணிக்குள் காற்று தீர்ந்துவிடும். 10 மீட்டரில் அழுத்தம் 2 மடங்குதான். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் நாற்பது நிமிடம் தாங்கும். தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் உறிஞ்சிவிடுவதால், ஆழம் கூடக்கூட எல்லாம் நீலச் சாம்பலாகத் தெரியும். பவளத்தின் நிறமும் மீன்களின் நிறமும் மேலே இருக்கும் பத்து மீட்டருக்குள்தான் நன்றாகத் துலங்கும். குறைந்த ஆழத்தில் அதிக நேரமும் கிடைக்கிறது, அதிகக் காட்சியும் கிடைக்கிறது.

புறப்படும் முன் நம் கடலைப் படியுங்கள்

மாமல்லபுரத்துக் கடல் புதியவருக்கு நல்ல பள்ளி. ஆனால் விடுமுறை டைவுக்கு ஏற்ற இடம் இல்லை. இங்கே அடியில் பெரும்பாலும் மணல், இடையிடையே மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் பாறைத் திட்டுகள். கரையில் அலை உடையும்போது மணல் கலங்கும். மழைக்காலத்தில் தெற்கே பாலாற்று முகத்துவாரமும் வடக்கே முட்டுக்காட்டுக் கழியும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் நல்ல நாளில் ஓரளவு தெளிவும், மோசமான நாளில் கை நீட்டும் தூரம்கூடத் தெரியாத கலங்கலும் இருக்கும்.

கடற்கரைக் கோயிலுக்கு எதிரே மூழ்கிய கட்டுமானங்கள் இருப்பது உண்மை. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டனின் சயின்டிஃபிக் எக்ஸ்ப்ளொரேஷன் சொசைட்டியும் 2002-இல் சேர்ந்து தேடியபோது, கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்போன்ற அமைப்புகளையும் வெட்டிய கற்களையும் கண்டார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தியத் தொல்லியல் துறை கடற்படையின் உதவியோடு இங்கே ஆய்வு நடத்தியது. கற்களின் மேல் கடலுயிர்கள் அடர்ந்து படர்ந்திருப்பதால், பழகாத கண்ணுக்கு அவை வெறும் பாறையாகவே தெரியும். அது ஆய்வாளர்களின் களம். "மூழ்கிய கோயிலைக் காட்டுகிறேன்" என்று யாராவது படகில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். அதேபோல் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு எதிரேயுள்ள கடலில் டைவ் என்ற எண்ணமே வேண்டாம்.

இந்தக் கரையில் நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாக, சென்னை அல்லது புதுச்சேரியில் இயங்கும் ஏதாவது ஒரு டைவ் நிலையத்தின் நீச்சல்குளத்தில் மறுபயிற்சி ஒன்றை முடித்துவிடுங்கள். கடைசி டைவ் ஆறு மாதத்துக்கு முந்தியது என்றால் அது கட்டாயம். மாஸ்க்கில் தண்ணீர் நிரப்பி வெளியேற்றுவது, வாயிலிருந்து விலகிய ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது, ஜோடியின் மாற்று ரெகுலேட்டரில் மூச்சு விடுவது, தரையைத் தொடாமல் ஒரே மட்டத்தில் மிதந்து நிற்பது ஆகிய நான்கும் யோசிக்காமல் வர வேண்டும்.

கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ விடியற்காலையில் ஃபைபர் படகு கரையேறும் இடத்தில் நின்று மீனவர்களோடு பேசிப் பாருங்கள். "இன்னைக்குத் தண்ணி எப்படிண்ணே?" என்று கேட்டால் போதும், காற்று வாடையா, கொண்டலா, கச்சானா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று விவரமாகச் சொல்வார்கள். அன்றே ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் நிறுவனம் இலவசமாக வெளியிடும் அலை உயரம், காற்று வேகம் பற்றிய முன்னறிவிப்பையும் எடுத்துப் பாருங்கள். மீனவர்கள் சொன்னதும் முன்னறிவிப்பும் எங்கே ஒத்துப்போகின்றன என்று கவனித்துவந்தால், வெளியூரில் டைவ் மாஸ்டர் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும்போது காரணம் உங்களுக்கே புரியும்.

மாதம்தான் முதல் முடிவு

நம்மைச் சுற்றியுள்ள கடல்களைத் திறப்பதும் மூடுவதும் இரண்டு பருவமழைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் அரபிக்கடல் பக்கத்தையும் அந்தமானையும் கலக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் நம் கரையையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் கலக்கும். அதன்படி ஆண்டைப் பிரித்தால்:

- ஜனவரி முதல் ஏப்ரல் வரை: அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் மிக நல்ல காலம். இலங்கையில் தென்மேற்குக் கரை, அதாவது ஹிக்கடுவ, உனவட்டுன பக்கம்.
- மே: அந்தமானும் லட்சத்தீவும் மாத நடுப்பகுதி வரைதான். கிழக்கிலங்கையில் திருகோணமலைப் பருவம் தொடங்கியிருக்கும்.
- ஜூன் முதல் செப்டம்பர் வரை: திருகோணமலை.
- அக்டோபர் முதல் டிசம்பர் வரை: மேற்குக் கரையில் நேத்ராணி, லட்சத்தீவு. அந்தமானில் நிலையங்கள் இயங்கும், ஆனால் வங்கக்கடல் புயல்களைக் கணக்கில் வைக்க வேண்டும்.

புயல் பற்றிய எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. 2016 டிசம்பரில், பின்னர் வர்தா புயலாக வலுத்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால், அந்தமானின் ஹேவ்லாக் தீவில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். கப்பல்கள் ஓடவில்லை, கடற்படைதான் அவர்களை மீட்டது. அரையாண்டு விடுமுறையில் அந்தமான் போவதென்றால் திரும்பிய மறுநாளே அலுவலகம், பள்ளி என்று வைத்துக்கொள்ளாமல் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். முடியுமானால் பொங்கல் கழித்துப் புறப்படுங்கள். கடல் அடங்கியிருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

எந்த ஊர், யாருக்கு?

*அந்தமான்.* முதல் பயணத்துக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேர விமானப் பயணம், பாஸ்போர்ட் வேண்டாம், போர்ட் பிளேரில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். அந்த ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், ஹேவ்லாக்குக்கு 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர். டிக்கெட்டிலும் கப்பல் அட்டவணையிலும் இரண்டு பெயரும் வரும், குழம்பாதீர்கள். ஸ்வராஜ் தீவில் கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய நீமோ ரீஃப், படகில் போகும் லைட்ஹவுஸ், அக்வேரியம் ஆகிய இடங்கள் புதியவருக்கு ஏற்றவை. டிக்ஸன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ் என்று பக்கத்து மேசையில் பேசிக்கொள்வார்கள். அவை ஆழமும் நீரோட்டமும் உள்ள இடங்கள், அட்வான்ஸ்டு பயிற்சிக்குப் பிறகு போகலாம். தீவுகளில் உள்ள பெரிய வசதி ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை, தலைநகரிலுள்ள தன்வந்திரி கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது.

*திருகோணமலை.* கோடை விடுமுறை மட்டுமே கிடைக்கும் குடும்பங்களுக்கு இது அருமையான இடம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு தேசியப் பூங்காவில் ஆழம் குறைவு, தண்ணீர் வெதுவெதுப்பு. டைவ் செய்யாத குடும்பத்தினரும் ஸ்நார்க்கலோடு சுற்றலாம். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் அடிவாரக் கடலில் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் 1956-இல் மூழ்கி, போர்ச்சுகீசியரால் இடிக்கப்பட்ட பழைய கோயிலின் தூண்களையும் சிற்பத் துண்டுகளையும் கண்டார்கள். அலை அடங்கிய நாளில் உள்ளூர் வழிகாட்டியோடு அந்தப் பாறையோரம் இறங்கலாம். மட்டக்களப்புக்கு எதிரே 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதைச் சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

*லட்சத்தீவு.* தண்ணீர்த் தெளிவில் இந்தியாவின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று. ஆனால் பெரும்பாலும் கொச்சி வழியாகத்தான் போக வேண்டும், இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி தேவை. கத்மத், அகத்தி, பங்காரம் தீவுகளில் டைவ் செய்யலாம். இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே ஏற்பாட்டைத் தொடங்குங்கள்.

*நேத்ராணி.* கர்நாடகத்தின் முருதேசுவரத்திலிருந்து ஒன்று ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம். நீண்ட வார இறுதிக்கு ஏற்றது. படகு ஆட்டம் அதிகம் என்பதால் வாந்தி வரும் உடம்பு உள்ளவர்கள் யோசித்து முடிவெடுக்கவும்.

*மன்னார் வளைகுடா.* நம் மாநிலத்தின் பவளம் இங்கேதான் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலான 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. முத்துக் குளிப்பும் சங்குக் குளிப்பும் தலைமுறை தலைமுறையாக நடந்த கடல். தீவுகளில் வனத்துறையின் அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. எனவே விடுமுறை டைவுக்கான இடமாக இதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

*வெளிநாடுகள்.* மாலத்தீவில் கால்வாய்களின் நீரோட்டம் கடுமையாக இருக்கும். அங்கே போவதென்றால், கரையோரப் பவளத்திட்டு உள்ள ஒரே தீவில் தங்கி அங்கேயே டைவ் செய்யுங்கள். படகிலேயே தங்கிச் சுற்றும் பயணம் இப்போது வேண்டாம். பாலியில் துலம்பென் கிராமத்துக் கரையோரம் கிடக்கும் லிபர்ட்டி கப்பலின் மேல்பகுதி, அட்டை புதிதாக வாங்கியவரும் பார்க்கக்கூடிய ஆழத்தில் இருக்கிறது. கொமோடோவின் நீரோட்டத்துக்கு இன்னும் அனுபவம் வேண்டும்.

டைவ் நிலையத்திடம் கேட்க வேண்டியவை

முன்பணம் கட்டும் முன் தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதே பாதி தகவல்.

1. ஒரு டைவ் மாஸ்டரோடு எத்தனை பேர் இறங்குவார்கள்? புதியவர்கள் என்றால் நான்குக்கு மேல் போகக்கூடாது.
2. என் முதல் டைவ் எங்கே, எத்தனை மீட்டர்? "வந்து பார்த்துக்கலாம் சார்" என்ற பதில் போதாது.
3. படகில் ஆக்ஸிஜன் சிலிண்டரும் அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றவரும் உண்டா? அழுத்த நோய்க்கு முதலுதவி தூய ஆக்ஸிஜன்தான்.
4. கட்டணத்தில் என்னென்ன அடங்கும்? உபகரண வாடகை, படகு, பூங்கா நுழைவுக் கட்டணம், ஜி.எஸ்.டி. ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டால் பிறகு சண்டை வராது.
5. வானிலையால் டைவ் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாறுமா?

உங்கள் அட்டையையும் லாக் புக்கையும் பார்க்காமல், மருத்துவப் படிவத்தையும் கொடுக்காமல் "நாளைக்கே 25 மீட்டர் போகலாம்" என்று சொல்லும் நிலையத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏழு நாள் மாதிரித் திட்டம்: ஸ்வராஜ் தீவு

*முதல் நாள்:* காலை விமானத்தில் சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். பிற்பகல் கப்பலில் தீவுக்கு. அன்று தூக்கம் மட்டும்.

*இரண்டாம் நாள்:* நிலையத்தில் அட்டை, படிவம், உபகரண அளவு சரிபார்ப்பு. கரையிலிருந்து 8 முதல் 10 மீட்டருக்குள் ஒரே ஒரு டைவ்.

*மூன்றாம், நான்காம் நாட்கள்:* காலையில் படகில் இரண்டு டைவ்கள். ஆழமானது முதலில், இடையே ஒரு மணி நேரமாவது மேலே ஓய்வு. பிற்பகல் காலியாக இருக்கட்டும்.

*ஐந்தாம் நாள்:* மனமும் உடம்பும் ஒத்துழைத்தால் காலையில் ஒரு டைவ். இல்லையென்றால் ராதாநகர் கடற்கரை.

*ஆறாம் நாள்:* டைவ் இல்லை. தலைநகருக்குத் திரும்பி, 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைப் பாருங்கள்.

*ஏழாம் நாள்:* விமானம்.

இதில் ஆறு டைவ் வருகிறது. இன்னும் நான்கைத் திணிக்கலாமே என்று தோன்றும். களைத்த உடம்போடு செய்யும் டைவில் பழைய தவறுகள்தான் பழக்கமாகும்.

முதல் டைவின் முதல் ஐந்து நிமிடம்

புதியவர்களின் சிரமத்தில் பெரும்பகுதி எடையிலிருந்து வருகிறது. உப்புத் தண்ணீர் நம்மைக் கூடுதலாக மிதக்கவைப்பதால், குளத்தில் சரியாக இருந்த எடை கடலில் போதாது. அதற்காக "எதற்கும் இருக்கட்டும்" என்று வெயிட் பெல்ட்டில் இரண்டு துண்டைக் கூட்டிக் கட்டிவிடுவார்கள். பாரம் மிகுந்தால் நீங்கள் பிசிடி என்ற மிதப்புச் சட்டையில் காற்றை நிரப்பி ஈடுகட்டுவீர்கள், அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் விரிந்தும் சுருங்கியும் உங்களை மேலும் கீழுமாக இழுக்கும், கால் உதைக்கும், மூச்சு வாங்கும், சிலிண்டர் காலியாகும்.

சரிபார்க்கும் முறை எளிது. மேற்பரப்பில் நிமிர்ந்து நில்லுங்கள். ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும், கால் அசையக்கூடாது. பிசிடியின் காற்று முழுவதையும் வெளியேற்றி, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்து நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேரே நின்றால் எடை சரி. மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். நெற்றி மூழ்கி விடுவிடுவென்று இறங்கினால் ஒரு கிலோவைக் கழற்றச் சொல்லுங்கள். தாடை வெளியே நின்றால் ஒரு கிலோ கூட்டச் சொல்லுங்கள். டைவ் முடிவில் சிலிண்டர் காலியாகி ஏறக்குறைய இரண்டு கிலோ இலகுவாகும் என்பதையும் கணக்கில் சேர்த்து, சரியான எடையை லாக் புக்கில் எழுதிவையுங்கள்.

இறங்கும்போது காது வலிக்கத் தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்து அழுத்தத்தைச் சமன் செய்யுங்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் தப்பாது. வலித்தால் ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள், வலியோடு இறங்காதீர்கள். ஜோடியைக் காணவில்லையென்றால் ஒரு நிமிடம் சுற்றித் தேடிவிட்டு நிதானமாக மேலேறி அங்கே சந்தியுங்கள். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள். எந்த நேரத்திலும் மூச்சை அடக்கக்கூடாது. யாரும், எப்போதும், எந்த விளக்கமும் சொல்லாமல் டைவை முடித்துக்கொள்ளலாம். கட்டைவிரலை மேலே காட்டினால் ஜோடி இருவரும் ஏறியாக வேண்டும், கேள்வி கிடையாது.

உடல், காப்பீடு, விமானம், மலை

ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அல்லது நுரையீரல் அறுவைச் சிகிச்சை, தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றைப் படிவத்தில் மறைக்காதீர்கள். 45 வயதைக் கடந்தவர்களும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் ஊரிலேயே மருத்துவரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். தீவில் போய் அலைய வேண்டாம். கருவுற்றிருக்கும் காலத்தில் டைவ் கூடாது. மாதவிடாய் தடையில்லை. சளி பிடித்திருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பாதி டைவில் மருந்தின் வேகம் தணிந்தால், அடைத்த காற்று சைனஸிலேயே சிக்கி, மேலேறும்போது கடும் வலி தரும்.

சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபாவை விலக்கியிருப்பார்கள், அல்லது ஆழ வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். டைவர்களுக்கென்றே 1980-இல் தொடங்கிய டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் போன்ற அமைப்பின் காப்பீடு, அழுத்த அறைச் சிகிச்சையையும் அவசர இடமாற்றத்தையும் உள்ளடக்கும்.

ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அது முடியும் முன் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழிகள் உருவாகும். ஒரே ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பின் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். 24 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கே பார்க்க வேண்டாம்.

விமானத்துக்கு இந்த விதியைச் சொல்லும் பலரும் மலைப்பாதையை மறந்துவிடுகிறார்கள். நேத்ராணியில் டைவ் முடித்து அன்றிரவே பேருந்து ஏறினால், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரு வழியாகத்தான் சென்னைக்கு வருவீர்கள். 300 மீட்டரைத் தாண்டினாலே உயரம் என்றுதான் டைவ் பாடநூல்கள் கணக்கிடுகின்றன. தென்கோடியில் டைவ் முடித்து, 2,000 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலுக்கு மறுநாள் காலையே குடும்பத்தோடு ஏறுவதும் விமானம் ஏறுவதற்குச் சமம். மலைக்கும் அதே காத்திருப்பு வேண்டும்.

எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

முதலில் வாங்க வேண்டியது மாஸ்க். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மீசைக்காரர்களுக்கு மூக்கின் கீழ் தண்ணீர் கசியும். அந்த இடத்தில் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டால் போதும். கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள மாஸ்க் கண்ணாடியைச் சென்னையிலேயே சொல்லிச் செய்துகொள்ளுங்கள். அடுத்ததாக டைவ் கம்ப்யூட்டர், பிறகு நீங்கள் மேலேறும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவைக் குழாய். பிசிடி, ரெகுலேட்டர், ஃபின் எல்லாம் வாடகைக்குப் போதும். நம் கடல்களின் வெப்பநிலைக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் தாராளம். உடலை மூடும் ரேஷ்கார்டு வெயிலிலிருந்தும் சொறிமீனின் கடியிலிருந்தும் காக்கும். அட்டையின் நகல், லாக் புக், மருத்துவச் சான்று, காப்பீட்டு எண் நான்கையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

கடலுக்கு நம் கடமை

மீன் சந்தையில் தெரிந்த பெயர்களோடு இறங்கினால் கடல் சீக்கிரம் அறிமுகமாகும். களவா, சங்கரா, பாறை, சீலா, திருக்கை, கிளிமீன் எல்லாம் கூடையில் அல்லாமல் தம் வீட்டில் உலவுவதை அங்கே பார்க்கலாம். பார்ப்பதோடு நிறுத்துங்கள். பவளத்தைத் தொட்டால் அதன் மேலுள்ள மெல்லிய உயிர்ப்படலம் சிதையும், ஃபின் உதையில் ஒடிந்தது வளர ஆண்டுகள் ஆகும். பவளமும் கடல் குதிரையும் கடல் அட்டையும் 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கரையில் ஒதுங்கிக் கிடந்த பவளத் துண்டைப் பையில் போட்டாலும் விமான நிலையத்தில் பிடிபடுவீர்கள், வழக்கும் வரும்.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதை நாம் பார்த்தோம். வலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும் உயிர் அது. கடலடியில் அறுந்து கிடக்கும் வலையைக் கண்டால் நீங்களே வெட்டப் போகாதீர்கள், உங்கள் உபகரணமும் சிக்கும். இடத்தையும் ஆழத்தையும் குறித்து டைவ் மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

திரும்பிய பிறகு

ஒவ்வொரு டைவுக்கும் லாக் புக்கில் ஆழம், நேரம், எடை, தொடக்கக் காற்று, மீதிக் காற்று ஆகிய ஐந்தையும் எழுதியிருப்பீர்கள். ஊருக்கு வந்ததும் அவற்றை வரிசையாகப் பாருங்கள். ஒரே ஆழத்தில் காற்று அதிக நேரம் தாங்கியிருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, பாதுகாப்பு நிறுத்தத்தில் அசையாமல் நிற்க முடிந்ததா என்று கேளுங்கள். இவை முன்னேறியிருந்தால் அட்வான்ஸ்டு பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். முன்னேறவில்லையென்றால் அதே பணத்தில் அடுத்த பருவத்துக்கு இன்னும் நான்கு எளிய டைவ்களைப் பதிவு செய்யுங்கள்.